கன்று நடுவது ஏழாவது வேலை: ஊர்மக்களோடு சேர்ந்து காட்டை மீட்கும் வழிமுறை

மழை தொடங்கியதும் ஒரு லாரி நிறையக் கன்றுகள் வந்து இறங்கும். 200 பேர் கூடுவார்கள். மதியத்துக்குள் குழிகளெல்லாம் நிரம்பிவிடும்; படம் எடுத்துக்கொண்டு கலைந்து போவார்கள். அடுத்த கோடையில் அதே இடத்துக்குப் போனால் காய்ந்த குச்சிகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசைகளுக்கு நடுவே பலமுறை நடந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கன்றுகளைக் கொன்றது பெரும்பாலும் மண்ணும் அல்ல, மழையும் அல்ல. வேலைகளின் வரிசை தப்பியதுதான்.

நடவு கண்ணில் படும் வேலை. அதனால் எல்லோரும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். இந்த வழிகாட்டியில் அது ஏழாவதாக வருகிறது. அதற்கு முன்னுள்ள ஆறு வேலைகளை அந்த நிலத்தோடு அன்றாடம் பழகுகிறவர்களின் துணை இல்லாமல் செய்ய முடியாது. பின்னுள்ள மூன்றையும் அவர்களைத் தவிர வேறு யாரும் தொடர்ந்து செய்யப்போவதில்லை.

இங்கே சொல்லும் அளவுகள் வெப்பமண்டலக் காடுகளுக்குப் பொருந்துபவை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, காலம். நடவு மழைக்குக் குறைந்தது ஓராண்டு, முடிந்தால் ஒன்றரை ஆண்டு முன்பே தொடங்குங்கள். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதத்தில் பழுக்கும் என்பதால் விதை சேர்க்கவே ஒரு முழு ஆண்டு வேண்டும்.

இரண்டாவது, நடவுக்குப் பிந்தைய பணம். கையிலுள்ள தொகையில் பாதியையாவது களையெடுப்புக்கும் காவலுக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில் எத்தனை கன்று நடலாம் என்று பாருங்கள். பணம் குறைவென்றால் பரப்பைக் குறையுங்கள், பராமரிப்பில் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது, ஒரு முன்மாதிரிக் காடு. அதே உயரத்தில், அதே வகை மண்ணில், அதிகம் சிதையாமல் மிஞ்சியிருக்கும் ஒரு துண்டுக் காடு அருகில் எங்கே இருக்கிறது என்று கேட்டறியுங்கள். எந்த மரம் எங்கே நிற்கும் என்பதற்கு அதுதான் பாடநூல். விதையும் அங்கிருந்துதான் வரும்.

1. நிலத்தைப் பயன்படுத்துகிறவர்கள் யார் என்று கண்டறியுங்கள்

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் ஆவணத்தில் கிடைக்கும். இரண்டாவதற்கு நடந்துதான் பார்க்க வேண்டும்.

விடியற்காலை, உச்சி வெயில், அந்தி என மூன்று வேளையும் போங்கள். விறகுக்கு வருகிறவர்கள் ஒரு வேளையில் வருவார்கள், ஆடு மாடு ஓட்டுகிறவர்கள் இன்னொரு வேளையில். பழம், தேன், மூலிகை எடுப்பவர்கள் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே வருவார்கள். அவர்களை நேரில் பார்க்க முடியாவிட்டால் விசாரித்தாவது பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். மூன்று ஹெக்டேருக்கு வேலி போட்டோம். ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, ஒப்புதல் வாங்கித்தான் போட்டோம். ஒரு மாதத்துக்குள் வேலி இரண்டு முறை ஒரே இடத்தில் அறுபட்டது. அங்கே காத்திருந்தபோது வயதான ஓர் அம்மா பதினைந்து ஆடுகளோடு வந்தார். பயப்படவும் இல்லை, மறைக்கவும் இல்லை. “ஆடு தண்ணிக்கு எந்த வழியாகப் போகும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, தம்பி?” என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சுனை இருந்தது. அவருடைய தடத்தின் குறுக்கே கம்பியை இழுத்திருந்தோம். வேலியை நகர்த்தி, ஆடு போக ஒரு சந்து விட்டோம். அதற்குப் பிறகு கதவு திறந்து கிடந்தால் முதலில் ஆள் அனுப்பியவர் அவர்தான்.

பொதுவான தவறு: ஒரே ஒரு கூட்டம் போட்டு, அதில் பேசியவர்களையே ஊர் என்று எண்ணிக்கொள்வது. கூட்டத்தில் குரல் உயர்த்துகிறவர் பெரும்பாலும் விறகு சுமக்கிறவராக இருப்பதில்லை. சுமக்கிறவர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்தில், அவர்களுக்கு ஓய்வான நேரத்தில் பாருங்கள். மண்ணில் குச்சியால் வரைபடம் போடச் சொன்னால், பேசத் தயங்குகிறவர்களும் தடங்களையும் நீர்நிலைகளையும் காட்டிவிடுவார்கள்.

2. காடு ஏன் போனது என்று கேளுங்கள். அந்தக் காரணத்தை நிறுத்துங்கள்

காரணம் இன்னும் அங்கேயே இருந்தால், முதல் காட்டை அழித்தது உங்கள் கன்றுகளையும் அழிக்கும். மேய்ச்சலா, விறகா, ஆண்டுதோறும் வரும் தீயா, மேல்மண் அடித்துப் போனதா, நீரோட்டம் திரும்பியதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

விறகுதான் காரணம் என்றால், வீடுகளுக்கு அருகே சீக்கிரம் வளர்ந்து வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரங்களை முதலில் நட்டுக் கொடுங்கள். மேய்ச்சல் என்றால் நிலத்தைப் பகுதி பகுதியாக மூடித் திறக்கும் முறையைப் பேசுங்கள். மூடிய பகுதியில் புல்லை அறுத்துக்கொண்டு போகலாம், கால்நடை மட்டும் இறங்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். அலையாத்திக் காட்டில் பல நேரங்களில் நடவே தேவைப்படாது. கடல்நீர் ஏறி இறங்கும் பாதையை அடைத்த கரையை வெட்டிவிட்டால், அருகில் தாய்மரங்கள் இருக்கும் இடங்களில் விதைகளை அலையே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

இன்னொன்றையும் இந்த நிலையிலேயே தீர்த்துவிடுங்கள்: அங்கே உண்மையில் காடு இருந்ததா? இயற்கையான புல்வெளியும் சதுப்பும் தரிசு அல்ல. அவற்றுக்கென்றே வாழும் செடிகளும் பறவைகளும் உண்டு. அங்கே மரம் நடுவது மீட்பு ஆகாது, இன்னோர் அழிவு. ஊரில் மிக வயதானவர்களிடம் கேளுங்கள். “என் அப்பா காலத்திலும் இது புல்வெளிதான்” என்று பலரும் சொன்னால் கடப்பாரையைக் கீழே வையுங்கள்.

3. உடன்பாட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

வாய்ப்பேச்சில் எல்லோரும் சம்மதிப்பார்கள். சண்டை மூன்றாம் ஆண்டில், முதல் பழமும் முதல் கம்பும் கிடைக்கும்போது வரும். எனவே முன்கூட்டியே எழுதுங்கள்: புல்லை யார், எந்த மாதங்களில் அறுக்கலாம்? காய்ந்து விழுந்த சுள்ளி யாருக்கு? விதை சேகரிப்புக்கும் களையெடுப்புக்கும் கூலி என்ன, எப்போது கையில் வரும்? விதியை மீறினால் என்ன செய்வது, அதை யார் முடிவு செய்வது?

மரத்தின் பயன் யாருக்கு என்ற கேள்வியை ஒத்திப்போடவே கூடாது. நைஜர் நாட்டில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுமார் 50 லட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் மரங்கள் திரும்பி வந்திருக்கின்றன. பெரும்பாலும் நட்ட மரங்கள் அல்ல. உழவர்கள் தங்கள் வயலில் பழைய கட்டைகள் விட்ட துளிர்களை வெட்டாமல் வளர்த்தவை. மரமெல்லாம் அரசின் சொத்து என்று இருந்த காலத்தில் அதைக் காப்பாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. வளர்த்தவரே பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற நிலை வந்தபோது அரிவாள் தானாக விலகியது. நேபாளத்தில் 22,000க்கும் மேற்பட்ட பயனர் குழுக்கள் சமூகக் காடுகளை நடத்துகின்றன. எதை, எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்று எழுதிய செயல்திட்டம் இல்லாமல் அங்கே காடு கையளிக்கப்படுவதில்லை.

ஒரு பக்கத்தில் அடங்கும்படி எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.

4. ஏற்கெனவே முளைத்திருப்பதை எண்ணுங்கள், அதைக் காப்பாற்றுங்கள்

புதியவர்கள் தவறாமல் தாண்டிப்போகும் படி இதுதான். வெறும் புதர் என்று தோன்றும் நிலத்தில் நூற்றுக்கணக்கான மரக்கன்றுகள் புல்லுக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். வேர் ஊன்றி, வறட்சியைப் பார்த்துப் பழகிய அவற்றுக்கு நாற்றங்கால் கன்று ஈடாகாது.

எண்ணும் முறை எளிது. ஒரு முளையை அடித்து, 5 மீட்டர் கயிறு கட்டி வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் 50 செ.மீ.க்கு மேல் உயரமுள்ள மரக்கன்றுகள், துளிர்விடும் கட்டைகள், பெரிய மரங்கள் எல்லாவற்றையும் எண்ணுங்கள். நிலம் முழுவதும் பரவலாக இப்படிப் பத்து வட்டங்கள் போதும். மரங்களின் பெயர் சொல்ல ஆடு மேய்ப்பவர் ஒருவரையும் மூலிகை அறிந்தவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இலையில்லாத குச்சியைக்கூட முகர்ந்து பார்த்து அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஹெக்டேருக்கு 3,100 கன்றுகள் என்பது இலக்கு என்றால், ஒரு வட்டத்துக்கு ஏறத்தாழ 25 வர வேண்டும். சராசரி அதற்கு மேல் இருந்து, வகையும் 30க்கு மேல் இருந்தால் நடவே வேண்டாம், காப்பாற்றினால் போதும். சராசரி 15 என்றால் வட்டத்துக்கு 10 குறைகிறது, அதாவது ஹெக்டேருக்குச் சுமார் 1,270 கன்றுகள் நட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் கன்றுக்கு ஆர்டர் கொடுப்பது பணத்தை மண்ணில் கொட்டுவதாகும்.

எண்ணிய ஒவ்வொன்றுக்கும் அருகில் வண்ணம் பூசிய ஒரு குச்சி நடுங்கள். சுற்றி அரை மீட்டர் அளவுக்குக் களையை வேரோடு எடுங்கள். கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து துளிர்கள் வந்திருந்தால், நேராகவும் தடித்தும் இருக்கும் மூன்று முதல் ஐந்தை விட்டு மற்றவற்றை நீக்குங்கள். ஒரு வேரின் பலம் சில தண்டுகளுக்குப் போனால்தான் அவை உயரும்.

ஆளுயரப் புல் மண்டிய இடத்தில் அதை அறுத்தால் இன்னும் வேகமாகத் துளிர்க்கும். பிலிப்பைன்ஸில் செய்வதுபோல் சாய்த்து அழுத்துங்கள். ஒரு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான பலகையின் இரு முனைகளிலும் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொள்வார்கள். பலகையைப் புல்லின்மேல் வைத்து, காலால் முழு எடையையும் கொடுத்து மிதித்தபடி முன்னேறுவார்கள். தண்டு அறுபடாமல் மடிந்து கிடப்பதால் புதுத் துளிர் குறைகிறது; மடிந்த புல்லே மூடாக்காகி அடியிலுள்ளதையும் அமுக்குகிறது. தீயும் முன்புபோல் எழும்பாது.

உண்ணிச்செடி படர்ந்திருந்தால் தரைக்கு மேலே வெட்டுவதில் பயனில்லை. காய்ப்பதற்கு முன்பாக, தரைக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். வெட்டிய இடத்தை அடுத்தடுத்த மழையிலும் பார்க்க ஆளிருக்கும் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். மொத்தமாக வெட்டித் திறந்துவிட்ட நிலத்தில் உண்ணி இரட்டிப்பாகத் திரும்பும்.

5. விதை சேகரியுங்கள்

20 முதல் 30 நாட்டு மரவகைகள் போதும். எல்லா வகையையும் நீங்களே நடத் தேவையில்லை. சீக்கிரம் நிழல் தருபவை, பறவையையும் வௌவாலையும் இழுக்கும் ஆல், அத்தி போன்றவை, மெதுவாக வளர்ந்து நூறாண்டு நிற்பவை ஆகிய மூன்றும் கலந்திருந்தால், மீதி வகைகளைப் பறவைகளும் விலங்குகளும் கொண்டுவரும். அருகில் விதை தரும் காடு மிஞ்சியிருந்தால்தான் இது நடக்கும். இல்லாவிட்டால் வகைகளைக் கூட்டுங்கள்.

ஒரே மரத்தடியில் மூட்டை கட்டாதீர்கள். ஒரு தாயின் பிள்ளைகளால் மட்டும் நிரம்பிய காடு ஒரே நோயில் விழுந்துவிடும். வகைக்கு 25 தாய்மரங்களாவது தேடுங்கள். விழுந்ததில் ஒரு பகுதியை அங்கேயே விடுங்கள். அது அந்தக் காட்டின் பங்கு.

இந்த வேலையில் தலைமை யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பழம் பொறுக்கப் போகும் பெண்களுக்கு. எந்த மரம் எந்த வாரத்தில் உதிர்க்கும் என்ற நாட்காட்டி அவர்கள் மனத்தில் இருக்கிறது. பிரேசிலில் 2007இல் தொடங்கிய ஷிங்கு விதை வலையமைப்பு இப்படித்தான் நடக்கிறது. பழங்குடிப் பெண்கள் உட்பட உள்ளூர் மக்கள் விதை சேர்த்து விற்கிறார்கள்; பல வகை விதைகளை மணலோடு கலந்து நேரடியாக நிலத்தில் விதைக்கிறார்கள். விதைக்குக் கூலி கொடுப்பதென்றால் எடைக்கு மட்டும் கொடுக்காதீர்கள், பழுத்ததா, புழு இல்லாததா என்று பார்த்துக் கொடுங்கள். எடைக்கு மட்டும் கொடுத்தால் பச்சைக்காய் பறித்து வருவார்கள்.

வீட்டுக்கு வந்த விதையைக் கட்டிய பாலித்தீன் பையில் வைத்து மறந்துவிடுவதுதான் இங்கே பெரிய தவறு. நாவல் விதை காய்ந்தால் செத்துவிடும். சதையைக் கழுவி ஓரிரு நாளில் விதைக்க வேண்டும். சரக்கொன்றை நேர்மாறு. ஆண்டுக்கணக்கில் இருக்கும், ஆனால் கெட்டித் தோலைத் தேய்த்தோ நுனியைக் கீறியோ நீர் இறங்க வழி செய்யாவிட்டால் லேசில் முளைக்காது.

6. நாற்றங்காலில் வேரைப் பாருங்கள், உயரத்தைப் பார்க்காதீர்கள்

இரண்டு ஆண்டுகள் நன்றாக நின்று, மூன்றாம் ஆண்டு காற்றில் சாய்ந்த ஒரு மரத்தைத் தோண்டிப் பார்த்தேன். தண்டு என் கட்டைவிரல் தடிமன். வேரோ பையின் வடிவத்திலேயே, கயிற்றுச் சுருள்போல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கிடந்தது. ஆணிவேர் பையின் அடியில் முட்டி மேல்நோக்கித் திரும்பியிருந்தது. அது நாற்றங்காலிலேயே தோற்றுவிட்ட கன்று.

எனவே அகலத்தைவிட ஆழம் கூடுதலான பையாகத் தேர்ந்தெடுங்கள், 23 செ.மீ. ஆழம் நல்லது. பைகளை அவ்வப்போது தூக்கி இடம் மாற்றினால் தரைக்குள் இறங்கிய வேர் அறுந்து, உள்ளே பக்கவேர் பெருகும். நடவின்போது 30 முதல் 50 செ.மீ. உயரம் போதும். ஆளுயரக் கன்று படத்துக்கு அழகு. நிலத்தில் அதன் இலைக்கூட்டத்துக்கு நீர் கொடுக்க அந்தச் சின்ன வேரால் முடியாது.

நடவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நிழல்வலையை மெல்ல விலக்கி, தண்ணீரையும் சிறிது சிறிதாகக் குறையுங்கள். வெயிலுக்குப் பழகாத இலை நட்ட வாரத்திலேயே கருகும். நோஞ்சான் கன்றுகளை இரக்கமில்லாமல் கழித்துவிடுங்கள்.

7. நடுங்கள்

முதல் மழை கண்டதும் ஓடாதீர்கள். ஈரம் ஒரு முழத்துக்கு இறங்கட்டும். அதே சமயம் மழைக்காலத்தில் குறைந்தது இரண்டு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். வேர் இறங்க அந்த நாட்கள் வேண்டும்.

குழி பையைப்போல் இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும். இடைவெளி சுமார் 1.8 மீட்டர். வரிசை பிடிக்காதீர்கள், ஒரே வகையை அடுத்தடுத்து வைக்காதீர்கள். பையைக் கிழித்து முழுவதும் நீக்குங்கள். பையோடு புதைத்த கன்றுகளை நான் பிடுங்கி எடுத்திருக்கிறேன். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். மண்ணைக் காலால் மிதிக்காமல் உள்ளங்கையால் அழுத்துங்கள். காய்ந்த புல்லால் மூடாக்குப் போடும்போது தண்டை ஒட்டாமல் சற்று விலக்கிப் போடுங்கள். ஒட்டினால் தண்டு அழுகும்.

கூட்டம் பெரிதாக வரப்போகிறதென்றால், ஊரில் பத்துப் பேருக்கு முந்தைய வாரமே கற்றுக்கொடுத்து, ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஐந்தாறு பேரை விடுங்கள். கன்றைத் தண்டைப் பிடித்துத் தூக்குவதுதான் புதியவர்கள் முதலில் செய்யும் பிழை. பையோடு ஏந்தச் சொல்லுங்கள். மாலையில் கிழித்த பைகளை எண்ணி வாங்குங்கள். பை எண்ணிக்கை குறைந்தால் எங்கேயோ கன்று பையோடு மண்ணுக்குள் போயிருக்கிறது.

8. இரண்டு மழைக்காலம் களையெடுங்கள்

மழைக்காலத்தில் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. கன்றைச் சுற்றிக் கையால், அதற்கு வெளியே அரிவாளால். வண்ணக் குச்சி இல்லாவிட்டால் களையோடு கன்றும் போகும். இந்தக் கூலி நிலத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கே போகட்டும். தங்கள் கையால் நான்கு முறை துப்புரவு செய்த கன்றை ஆடு கடிக்க அவர்கள் விடமாட்டார்கள்.

9. தீக்கு முன்பே தயாராகுங்கள்

வறட்சி தொடங்கும் முன் நிலத்தைச் சுற்றி 8 மீட்டர் அகலத்துக்குப் புல்லும் சருகும் இல்லாத தீத்தடுப்புக் கோடு வெட்டுங்கள். அடுத்த நிலத்துக்காரர்கள் தங்கள் வயலில் சருகு எரிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அன்று நம் ஆட்கள் அங்கே துணைக்கு நிற்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். எரிப்பதைத் தடை செய்தால் இரவில் எரிப்பார்கள், அது இன்னும் ஆபத்து. தண்ணீர்ப் பீப்பாய்களும் பச்சைக் கிளைகளும் கோட்டின் ஓரத்திலேயே இருக்கட்டும். காவலுக்கு இருவராகப் போகட்டும்.

10. எண்ணிச் சொல்லுங்கள்

நட்ட இரண்டாம் வாரம், முதல் மழைக்கால முடிவு, இரண்டாம் மழைக்கால முடிவு என மூன்று முறை எண்ணுங்கள். உயிரோடு இருப்பவற்றின் எண்ணிக்கையோடு, செத்தவை எதனால் செத்தன என்றும் ஒரு பத்தி எழுதுங்கள். கரையானா, மேய்ச்சலா, நீர் தேங்கியதா? எந்த வகை எந்த மூலையில் தாங்கவில்லை என்று தெரிந்தால்தான் செத்தவற்றின் இடத்தில் மாற்றுக் கன்று நடும்போது அதே தவறைத் திரும்பச் செய்யாமல் இருக்க முடியும்.

அந்தக் கணக்கைக் கூட்டத்தில் படியுங்கள், குறைந்த எண்ணிக்கையையும் மறைக்காமல் படியுங்கள். “மேற்கு மூலையில் பாதி போய்விட்டது” என்று நான் படித்த ஒரு மாலையில்தான், அங்கே மழைக்காலத்தில் முழங்கால் அளவு நீர் நிற்கும் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். அதுவரை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

கன்றுகளின் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டு நிழல் மூடியதும், பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில், களையெடுப்பதை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு நிழலுக்குள் நீங்கள் நடாத ஒரு கன்று தலைகாட்டும். அதன் வகை, நாள், முதலில் கண்டவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். அதற்கு வண்ணக் குச்சி வேண்டாம்.